இணையப் பாடம் தயாரிக்க டீச்சருக்கு நேரம் எங்கிருந்து வரும்?

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நோட்டுகளில் ஒரு பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "பஸ் வந்தாள்." "தண்ணீர் வந்தான்." "புத்தகம் கீழே விழுந்தாள்." மதுரையில் வளரும் பிள்ளை இப்படி எழுதவே எழுதாது. இங்கே எழுதுவதற்குக் காரணம் இந்தி. இந்தியில் பஸ் பெண்பால், 'பஸ் ஆ கயீ' என்பார்கள். தண்ணீர் ஆண்பால், 'பானி ஆ கயா'. புத்தகம் பெண்பால். வாசலைத் தாண்டினால் நாள் முழுக்க இந்தி பேசுகிற பிள்ளை, தமிழ் எழுத உட்காரும்போது அந்த ஆண்பால் பெண்பாலையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. உயிரில்லாத பொருளுக்குத் தமிழில் ஆண் பெண் கிடையாது, 'வந்தது' என்றால் போதும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தர, பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த ஒருவர் வேண்டும்.

நான் வேலை பார்த்த தில்லிப் பள்ளியில் அப்படி ஒரு தமிழ் டீச்சர் இருந்தார். நான் கணக்கு வாத்தியார். பதினொரு வருடம் டைம்டேபிள் போடும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. 2021ல் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களில், அந்த டீச்சர் இந்தப் பிழையைப் பற்றி மட்டும் ஒரு சின்ன இணையப் பாடம் செய்தார். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வீடு அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்வார். நாலு நிமிடப் பாடத்தை ஏழு முறை எடுத்ததாகச் சொன்னார். ஒரு முறை தெருவில் டோல் மேளச் சத்தம், ஒரு முறை மாமியாரின் இருமல், ஒரு முறை அவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

பாடம் அருமையாக வந்தது. நிர்வாகம் பாராட்டியது, தீபாவளிக்குள் இன்னும் இருபது பாடம் வேண்டும் என்றும் கேட்டது. ஒரு மைக்கும் ஒரு ரிங் லைட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். நேரம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அவர் ஐந்து பாடம் முடித்தார், அதோடு நின்றுபோயிற்று. பள்ளி திறந்த பிறகு வாரத்தில் 40 பீரியடில் அவருக்கு 32 போட்டிருந்தேன். போட்டது என் கை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'ஆசிரியர் நேரத்துக்கு நிதி' என்றால் என்ன?

ஒரு பள்ளி இணையப் பாடம் தயாரிக்க முடிவு செய்தால், செலவுப் பட்டியலில் முதலில் வருவது பொருட்கள்: கேமரா, மைக், கணினி, மென்பொருள், இணைய இணைப்பு. இவற்றுக்கெல்லாம் பில் உண்டு. அடுத்து எடிட்டிங் செய்பவருக்குக் கூலி, அதற்கும் பில் உண்டு. பாடத்தை யோசிக்கிற, எழுதுகிற, பேசுகிற, பிள்ளைகளிடம் காட்டித் திருத்துகிற ஆசிரியரின் மணிநேரம் மட்டும் எந்தப் பட்டியலிலும் வராது. அவருக்குத்தான் சம்பளம் போகிறதே, அதிலேயே செய்துவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சம்பளம் ஏற்கெனவே வேறு வேலைகளுக்காக முழுசாகச் செலவாகிவிட்டது. வகுப்பு, பேப்பர் திருத்துவது, பரீட்சை மேற்பார்வை, பெற்றோர் சந்திப்பு, ஆண்டு விழா எல்லாம் அதில் அடக்கம். புதிய வேலைக்கான மணிநேரத்தைத் தனியாக எண்ணி, அதற்கென்று பணம் ஒதுக்கி, அந்தப் பணத்தால் அந்த நேரத்தை உண்மையிலேயே காலி செய்து கொடுப்பதுதான் ஆசிரியர் நேரத்துக்கு நிதி.

கடைசியில் சொன்ன 'காலி செய்து கொடுப்பது' என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நேரத்தின் அளவு.

ஆசிரியரின் வேலை நேரம் எவ்வளவு என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்கிறது. அந்த 45க்குள் பாடம் தயாரிக்கும் நேரமும் அடக்கம். அதாவது வகுப்பில் நிற்பது மட்டுமே வேலை இல்லை, உட்கார்ந்து யோசிப்பதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. விதிவிலக்காகச் சொன்ன அந்த மூன்றும் எவ்வளவு நாள் தின்னும் என்பது எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போய்வந்த எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

இணையப் பாடம் எவ்வளவு நேரம் கேட்கும்? நிறுவனங்களில் ஊழியர்களுக்கு மின்வழிப் பயிற்சி தயாரிப்பவர்களிடம் சாப்மன் அலையன்ஸ் என்ற அமைப்பு 2010ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மிக எளிய வகை மின்பாடத்தில், கற்பவர் ஒரு மணி நேரம் படிக்கும் பாடத்துக்குச் சராசரியாக 79 மணி நேர உழைப்பு போகிறது என்று அதில் தெரிந்தது. பயிற்சிகளும் கேள்விகளும் கலந்த நடுத்தர வகைக்கு 184 மணி நேரம். நேருக்கு நேர் வகுப்புக்கு 43. இது பள்ளிக்கூடக் கணக்கு இல்லை, அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு. ஆனாலும் அளவு புரிகிறது. முதல்முறை இந்த எண்களைப் பார்த்தபோது மிகையாகத்தான் எனக்கும் பட்டது. பிறகு அந்த நாலு நிமிடப் பாடத்தை நினைத்துப் பார்த்தேன். எழுதியது இரண்டு இரவு, பதிவு ஒரு இரவு, படம் வரைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குக் காட்டித் திருத்தியது இன்னொரு நாள். எண்கள் மிகையாக இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தலா 20 நிமிடத்தில் ஒன்பது பாடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம். எளிய வகைக்கு 79 என்றால் மூன்று மணிக்கு 237 மணி நேரம். இதில் பாதிதான் ஆசிரியருடையது, மீதி எடிட்டிங், படம், பதிவேற்றம் என்று மற்றவர்கள் செய்யக்கூடியது. பாதி என்பது என் அனுபவத்தில் சொல்வது, பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆக ஆசிரியருக்குச் சுமார் 120 மணி நேரம்.

அந்த ஆசிரியருக்குப் பள்ளி மாதம் 81,000 ரூபாய் செலவழிக்கிறது என்று வைப்போம். வாரம் 45 மணி, மாதம் 180 மணி. வகுத்தால் மணிக்கு 450 ரூபாய். 120 மணிக்கு 54,000 ரூபாய். அவ்வளவுதான் கணக்கு. நல்ல கேமரா ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும் தொகை. இந்த 54,000த்தை எந்தப் பட்டியலிலும் எழுதாமல் விட்டால் அது மறைந்துவிடாது, டீச்சரின் தூக்கத்திலிருந்து போகும்.

இனி காலி செய்து கொடுப்பதைப் பார்ப்போம். நல்ல மனதுள்ள நிர்வாகங்கள் பெரும்பாலும் செய்வது, அந்த 54,000 ரூபாயை ஊக்கத்தொகையாக டீச்சர் கையில் கொடுப்பது. தப்பில்லை, உழைத்தவருக்குக் காசு சேரவேண்டும். ஆனால் அந்தப் பணம் வந்தபின்னும் அவருடைய வாரத்தில் அதே 32 பீரியட்தான். நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. வேலை மறுபடியும் இரவு பதினொரு மணிக்குத்தான் நடக்கும். அதே பணத்தை வேறு மாதிரியும் செலவழிக்கலாம். 120 மணி என்பது 40 நிமிட பீரியட் கணக்கில் 180 பீரியட். பரீட்சை, விழா எல்லாம் கழித்துப் பள்ளி ஆண்டில் ஒழுங்காக வகுப்பு நடக்கிற வாரங்கள் முப்பது என்று வைத்தால், வாரம் ஆறு பீரியட். அந்த ஆறையும் எடுக்க இன்னொருவரை அமர்த்தி, பீரியடுக்கு 300 ரூபாய் கொடுத்தாலும் வருடத்துக்கு அதே 54,000தான். டீச்சரின் வாரம் 32லிருந்து 26 ஆகிவிடும். பகலில், மூளை தெளிவாக இருக்கிற நேரத்தில், ஆறு பீரியட் அவருக்குக் கிடைக்கும்.

இரண்டும் ஒரே தொகை. முதல் வழியில் டீச்சருக்குப் பணம் வருகிறது, இரண்டாவது வழியில் நேரம் வருகிறது. எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சின்னக் குழந்தை உள்ளவர் ஒரு பதில் சொல்வார், வீட்டுக்கடன் உள்ளவர் இன்னொரு பதில் சொல்வார். முடிந்தால் பெரும்பகுதியை நேரமாகவும் ஒரு பகுதியைப் பணமாகவும் கொடுப்பதுதான் என் கட்சி.

மாற்று ஆசிரியர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தில்லிப் பள்ளிகளில் 'அரேஞ்ச்மென்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு டீச்சர் வரவில்லை என்றால், ஃப்ரீயாக இருக்கும் யாரையாவது அந்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் ஸ்டாஃப் ரூம் பலகையில் பெயர் எழுதி ஒட்டுவோம். பாடத்தயாரிப்புக்காக விடுபடும் பீரியடுகளை இப்படி நிரப்பினால் இரண்டு தரப்புக்கும் நஷ்டம். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புது முகம், பாடம் நகராது. ஃப்ரீ பீரியட் போன சக ஆசிரியர்களுக்கோ, பாடம் செய்கிற டீச்சர் மேல் கோபம். அதனால் அந்த ஆறு பீரியடுக்கும் வருடம் முழுக்க ஒரே ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். முழு நாள் வேலை அவர்களால் முடியாது, வாரம் இரண்டு நாள் என்றால் ஆசையாக வருவார்கள்.

கோடை விடுமுறையில் செய்து முடிக்கலாமே என்று உடனே ஒரு யோசனை வரும். தில்லியில் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை விடுமுறை, காலம் நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் இங்கே இருக்கிற தமிழ் ஆசிரியர்களுக்கு அந்த ஆறு வாரம்தான் ஊர். அம்மா அப்பாவைப் பார்ப்பது, வீட்டு மராமத்து, தங்கை கல்யாணம், குலதெய்வக் கோயில் எல்லாம் அதற்குள்தான். இரண்டு மாதம் முன்பே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு வைத்திருப்பார்கள். அந்த நாட்களைக் கேட்பது நியாயமில்லை. தவிர, விடுமுறையில் பிள்ளைகள் இல்லை. எழுதிய பாடத்தை நாலு பிள்ளைகளிடம் காட்டினால்தான் எங்கே விழிக்கிறார்கள் என்று தெரியும். பிள்ளைகள் இல்லாத பள்ளியில் தயாரான பாடம் பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி அமைந்துவிடும்.

வேறு வழியும் உண்டு. பணமே அதிகம் கைமாறாமல், நேரத்தை நேரத்தால் வாங்குவது. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1996ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹட்சன் என்ற சின்ன ஊரின் பள்ளிகளும் கான்கார்ட் கன்சார்ட்டியம் என்ற அமைப்பும் சேர்ந்து, அந்த நாட்டு அரசிடம் 74 லட்சம் டாலர், ஐந்தாண்டு மானியம் பெற்றன. அதில் உருவானதுதான் வர்ச்சுவல் ஹைஸ்கூல். சேருகிற ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர் ஒருவரை ஒரு வகுப்பு அளவுக்கு விடுவித்து, ஓர் இணையப் பாடத்தை உருவாக்கி நடத்தவிட வேண்டும். பதிலுக்கு அந்தப் பள்ளியின் மாணவர்கள் சுமார் இருபது பேர், மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் நடத்தும் இணையப் பாடங்களில் சேரலாம். ஒரு பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஆறு பேர்தான் சேருவார்கள், அதற்கென்று ஆசிரியர் வைக்க முடியாது. பல ஊர்களிலிருந்து ஆறு ஆறு பேராகச் சேர்ந்தால் ஒரு வகுப்பு ஆகிவிடும். மானியப் பணத்தின் முக்கியமான பயன், ஆசிரியர்களுக்கு முதலிலேயே நீண்ட பயிற்சி கொடுத்தது. இணையத்தில் பாடம் நடத்துவது வேறு தொழில், அதைக் கற்றுக்கொள்ளவும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

தில்லித் தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும் என்பது என் எண்ணம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் கீழ் இங்கே பல பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுத்தர ஆசிரியர்கள் உண்டு. மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் நொய்டாவிலும் வேறு பள்ளிகளில் படிக்கிற ஏராளமான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தமிழ் டீச்சரே கிடையாது. வீட்டில் அம்மா சொல்லித்தந்தால் உண்டு. பல பள்ளிகளின் தமிழ் ஆசிரியர்கள் தலைக்கு ஒரு பாடத்தொகுப்பு செய்து பகிர்ந்துகொண்டால், யாருக்கும் 120 மணி நேரத்துக்கு மேல் சுமை இல்லை, எல்லாருக்கும் முழுப் பாடத்திட்டம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் தயாரான பாடங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நல்லவையும்கூட. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001லிருந்து வெளியூர்த் தமிழர்களுக்காகப் பாடங்கள் தருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது, போனை நீட்டினால் வீடியோ வரும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலின் வீடியோ, காதில் தமிழ் விழுந்துகொண்டே இருக்கும் பிள்ளையை மனதில் வைத்து எடுத்தது. "பஸ் வந்தாள்" என்ற பிழை அந்தப் பிள்ளைக்கு வராது, அதனால் அதைத் திருத்துகிற பாடமும் அதில் இருக்காது. அந்தப் பாடத்தை எழுதக்கூடியவர் முதுகுப்பையோடு மெட்ரோவில் வந்து இங்கே நம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற டீச்சர்தான். ஸ்டுடியோவையோ மென்பொருளையோ எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். இவருடைய நேரத்தைத்தான் நாம் வாங்கித் தர வேண்டியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

அரசுத் திட்டங்களில் கணினிக் கல்விக்குப் பணம் இருக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில், ஒரு பள்ளியில் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறைச் செலவாக 6.40 லட்சம் ரூபாய் வரையும், அதன் பின் ஆண்டுக்கு 2.40 லட்சம் வரையும் ஒதுக்க இடமுண்டு. இது அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் உரியது, அதுவும் பெரும்பாலும் பொருளுக்கும் பராமரிப்புக்கும் போகிறது. தேசிய அளவில் பாடங்களை வெளியிடத் தளங்களும் இருக்கின்றன. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா, அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஸ்வயம், இரண்டும் இலவசம். ஸ்வயத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான பாடங்களை என்.சி.இ.ஆர்.டி.யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் ஒருங்கிணைக்கின்றன. வீடியோ, எழுத்துப் பாடம், தன்மதிப்பீட்டுக் கேள்விகள், கலந்துரையாடல் என்று நாலு பகுதியும் இருந்தால்தான் அங்கே அது பாடம். வீடியோ மட்டும் எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த நாலையும் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆசிரியரின் மணிநேரம் அதிகம் கரைவது வீடியோவில் இல்லை, நல்ல கேள்விகள் எழுதுவதில்தான்.

அடுத்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பணம் வாங்கும் அறக்கட்டளையோ சங்கமோ கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். தில்லி, குருகிராம், நொய்டாவில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் பெரிய பதவியில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனால் 54,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பேன். பொங்கல் விழா மலருக்கு விளம்பரம் பிடித்தே நம் சங்கங்கள் இதைவிட அதிகம் திரட்டிவிடுகின்றன. முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் ஆளுக்கு மாதம் 450 ரூபாய், அதாவது டீச்சரின் ஒரு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால், பன்னிரண்டு மாதத்தில் 54,000 சேர்ந்துவிடும். இப்படிக் கேட்டால் மக்கள் கொடுக்கிறார்கள். 'எங்கள் பள்ளிக்கு நன்கொடை' என்பதைவிட 'தமிழ் டீச்சரின் ஒரு மணி நேரம்' என்பது தங்களுக்குப் பாடம் எடுத்தவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறது.

கொடுப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கேமரா வாங்கினால் பில் இருக்கும், நேரத்துக்கு என்ன ஆதாரம்? நியாயமான கேள்விதான். டைம்டேபிள் போட்டவனாக இதற்கு என்னிடம் நேரான பதில் இருக்கிறது. பழைய டைம்டேபிள் ஒன்று, புதியது ஒன்று, இரண்டிலும் பிரின்சிபல் கையெழுத்து. மாற்று ஆசிரியரின் வருகைப் பதிவேடு. மாதம் ஒருமுறை, எந்தப் பாடம் எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சர் எழுதும் அரைப் பக்கம். இந்த நாலு தாள்கள் எந்தத் தணிக்கையாளருக்கும் போதும். நிதி கேட்டு எழுதும் கடிதத்தில், செலவுப் பட்டியலின் முதல் வரியாக 'ஆசிரியர் நேரம், 120 மணி' என்று போடுங்கள். கடைசி வரியில் போட்டால், தொகையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அதைத்தான்.

உரிமை பற்றி இரண்டு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிதான் உரிமையாளர். அதாவது பள்ளி நேரத்தில், பள்ளிப் பணத்தில் செய்த பாடம் பள்ளியுடையது. ராத்திரி பதினொரு மணிக்குச் சொந்தப் போனில் செய்தது யாருடையது என்று வாதாட வேண்டிவரும். டீச்சர் வேறு பள்ளிக்கு மாறும்போது மனக்கசப்பு வருவது இதில்தான். தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பாடத்தில் டீச்சரின் பெயர் இருக்க வேண்டும், அவர் போகும் இடத்திலும் அதைப் பயன்படுத்தலாம் என்றும் அதில் எழுதுங்கள். பொது மக்கள் பணத்தில் செய்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதே முறை. பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் எளிய வடிவம். மும்பையிலும் அகமதாபாத்திலும் இதே பிழையோடு திண்டாடும் தமிழ் டீச்சர்களுக்கு அது போய்ச் சேரும்.

பாடம் முடிந்த பிறகும் நேரம் தேவைப்படும். பாடத்திட்டம் மாறும், கேள்விகள் பழசாகும், ஏதோ ஓர் இணைப்பு வேலை செய்யாது. உருவாக்கிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, நம் கணக்கில் வருடத்துக்கு 12 மணி, பராமரிப்புக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. பாடத்தை நடத்துவதற்கு ஆகும் நேரம் அதற்கு மேல் தனி. பிள்ளை எழுதி அனுப்பியதை யாராவது படித்துப் பதில் எழுத வேண்டும். வர்ச்சுவல் ஹைஸ்கூலில் ஒரு வகுப்புக்கு இருபது பேர் என்று அளவு வைத்ததும் இதற்காகத்தான் இருக்கும். இணையம் என்பதால் இருநூறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், டீச்சரின் சனி ஞாயிறுகள் போய்விடும்.

தில்லியில் இதற்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2024 நவம்பரில் காற்று மிக மோசமானபோது பள்ளி வகுப்புகளை இணையத்துக்கு மாற்றச் சொன்னார்கள். முதல் நாள் இரவு அறிவிப்பு, மறுநாள் காலை வகுப்பு. தயாராகப் பாடம் வைத்திருந்த ஆசிரியர் அதை எடுத்துக் கொடுத்தார். இல்லாதவர் பாடப்புத்தகத்தைக் கேமரா முன் பிடித்துக்கொண்டு வாசித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஒரே இரவில் யாராலும் முடியாது. குளிர்காலம் வருடம் தவறாமல் வருகிறது. ஏப்ரலில் பள்ளி ஆண்டு தொடங்கும்போதே ஆறு பீரியடை ஒதுக்கினால், நவம்பருக்குள் பாதிப் பாடமாவது கையில் இருக்கும்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். தெரிந்த ஒரு பள்ளியில் கேட்டுக்கொண்டதால், இந்த ஏப்ரலில் அவர்களுக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். அங்கே தமிழ் டீச்சருக்கு வாரம் 25 பீரியட். மீதியில் புதன்கிழமை நாலு கட்டம், வெள்ளிக்கிழமை இரண்டு கட்டம், 'இ.பா.', அதாவது இணையப் பாடம், என்று நீல மையில் எழுதினேன். அதற்காக அவரிடமிருந்து எடுத்த வகுப்புகளுக்கு ஓய்வுபெற்ற தமிழம்மா ஒருவர் மெட்ரோவில் வருகிறார். முன்னாள் மாணவர்கள் பணம் போடுகிறார்கள்.

முதல் பாடத்தின் தலைப்பு 'பஸ் வந்தது'. போன புதன்கிழமை நூலகத்தில் அதை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினார் டீச்சர், நானும் பக்கத்தில் இருந்தேன். பஸ், தண்ணீர், புத்தகம் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். உயிரில்லாத பொருள் என்றால் 'வந்தது' என்று விதியையும் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ், நாய்க்கு உயிர் இருக்கே, அது வந்தானா, வந்தாளா?" என்று கேட்டான். டீச்சர் நோட்டைத் திறந்து, இரண்டாம் பாடம் என்று போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டு, 'நாய் வந்தது' என்று எழுதினார்.